ஸ்மோக்கர் பற்றவைக்க வீட்டில் கரி சுட்டேன், உள்ளே பழுப்பாகவே நிற்கிறது. எங்கே தவறு?

தணல்தேடி:

வணக்கம். நெருப்பு அறை பக்கவாட்டில் உள்ள சின்ன ஸ்மோக்கர் (இறைச்சியை விறகுப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) ஒன்றை ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். கட்டை பிடித்து எரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை, வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தப் பழகிவிட்டேன். பற்றவைக்கும் முதல் அரை மணி நேரம்தான் படுத்தி எடுக்கிறது. காகிதம், சுள்ளி, அப்புறம் கட்டை என்று வரிசையாகப் போனால், கட்டை ஒழுங்காகப் பிடிப்பதற்குள் அறை முழுக்க வெள்ளைப் புகை, உள்சுவர் முழுக்கப் பிசுபிசுப்பு. ஒரு முறை மண்ணெண்ணெய் தெளித்துப் பார்த்தேன். அந்த வாடை அப்படியே இறைச்சியில் ஏறிவிட்டது, இனி அதைத் தொட மாட்டேன்.

அடியில் ஒரு படுகை தணல் இருந்தால் மேலே வைக்கும் கட்டை உடனே பிடித்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் கரி போதும் என்று தோன்றியது. வெட்டிப்போட்ட கிளைகள் நிறைய இருக்கின்றன, காய்ந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

செய்தது இதுதான். 5 லிட்டர் தகர டின், மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. கிளைத்துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மூடியை அழுத்திப் போட்டு, திறந்தவெளியில் எரிந்துகொண்டிருந்த விறகின் நடுவில் வைத்தேன். முதலில் ஓட்டை வழியே வெள்ளையாகப் புகை பீய்ச்சி அடித்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் புகையே தீப்பிடித்து ஒரு விளக்குத் திரி மாதிரி எரிந்தது, பார்க்க அழகாக இருந்தது. 40 நிமிடத்தில் அந்தச் சுடர் சின்னதாகிவிட்டது, சரி முடிந்தது என்று டின்னை வெளியே இழுத்துவிட்டேன். அரை மணி நேரம் ஆறவைத்துத் திறந்தால் மேலே இருந்த துண்டுகள் காற்றுப் பட்டதும் சிவக்கத் தொடங்கின, நான் மறுபடி மூடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் பாதி சாம்பலாகிவிட்டது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தேன். வெளியே கருப்பு, நடுவில் பழுப்பு.

இருந்தாலும் அதையே ஸ்மோக்கரில் போட்டுப் பற்றவைத்தேன். புகை குறையவே இல்லை. இறைச்சி வெளியே வந்தபோது நிறம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு வாய் வைத்ததுமே நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது, யாராலும் சாப்பிட முடியவில்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

எவ்வளவு நேரம் நெருப்பில் இருக்க வேண்டும், ஓட்டை என்ன அளவு, எந்த மரம், எவ்வளவு நேரம் ஆறவேண்டும்? பெரிய பழைய பெயின்ட் டின் ஒன்று இருக்கிறது, அதை எடுக்கலாமா? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


கரிமூட்டம்:

நண்பரே, நீங்கள் பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். டின் முறை நல்ல முறை, ஓட்டையில் சுடர் எரிந்ததும் சரியான அறிகுறி. இரண்டு இடத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்: சீக்கிரம் வெளியே எடுத்தது ஒன்று, சீக்கிரம் திறந்தது இன்னொன்று.

டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நேரக்கணக்கே தேவைப்படாது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரம் காற்றில்லாமல் சூடாகும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் போகும். 100 டிகிரி செல்சியஸைத் தாண்ட அது விடாது, ஈரம் முழுக்கப் போகும் வரை அங்கேயே நிற்கும். நீங்கள் முதலில் பார்த்த கனமான வெள்ளைப் புகையில் பெரும்பகுதி நீராவி. 200ஐத் தாண்டியதும் மரமே உடையத் தொடங்கும். மரம் மூன்று முக்கியப் பொருட்களால் ஆனது, அவற்றில் முதலில் ஹெமிசெல்லுலோஸ், அதற்குப் பிறகு ஏறக்குறைய 300லிருந்து 400க்குள் செல்லுலோஸ். மூன்றாவதான லிக்னின் மட்டும் அவசரமே படாது, அந்த எல்லை முழுக்கவும் அதற்கு மேலும் மெதுவாக உடைந்துகொண்டே இருக்கும். இப்படி உடையும்போது வெளியே வருபவைதான் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், மெத்தனால், அசிட்டிக் அமிலம், தார். இவற்றில் பல எரியக்கூடியவை, அதனால்தான் ஓட்டையில் சுடர் பிடித்தது.

280 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் உண்டு. அதுவரை வெளிச் சூட்டை வாங்கிக்கொண்டிருந்த மரம் அங்கிருந்து தானே கொஞ்சம் சூட்டை வெளிவிடத் தொடங்கும், வாயு ஒரேயடியாக வரும், சுடர் பெரிதாகும். அந்த வேகம் அடங்கியதும் சுடர் சுருங்கும். முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முடிந்தது என்று எடுத்துவிடுகிறார்கள், நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். 300 டிகிரி அளவில் நின்றுபோன கரியில், எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆவியாகக்கூடிய பொருளாகவே உள்ளே தங்கியிருக்கும். 500 வரை கொண்டுபோனால் அது ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் இறைச்சியைக் கசக்க வைத்தது அந்த மூன்றில் ஒரு பங்குதான். ஸ்மோக்கருக்குள் அரைவேக்காட்டுக் கரியைப் போடுவது, தாரைப் பொட்டலம் கட்டி உள்ளே வைப்பதற்குச் சமம்.

ஆகவே சுடர் சின்னதானதும் எடுக்காதீர்கள். வெளி நெருப்புக்கு இன்னும் விறகு போட்டுச் சூட்டைத் தக்கவைத்து, சுடர் முழுக்க அணைந்து, ஓட்டையில் தெரிந்தும் தெரியாத ஒரு மெல்லிய நீலப் புகை மட்டும் நிற்கிற வரை காத்திருங்கள். அது வந்த பிறகும் நான் 20 நிமிடம் விடுவேன். 5 லிட்டர் டின்னுக்கு மொத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், விறகின் ஈரத்தைப் பொறுத்து கூடவும் ஆகலாம். இன்னொரு அடையாளம் சொல்கிறேன், சாயங்காலம் செய்தால் உதவும்: இரும்பு மங்கலான சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறக்குறைய 525 டிகிரியில். இருட்டில் டின்னின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் சூடு போதும் என்று அர்த்தம். வெப்பமானி எதுவும் வேண்டாம்.

ஓட்டை 5, 6 மி.மீ. இருந்தால் போதும், ஒன்றே போதும். மூடி அழுத்தமாக இருக்கட்டும், ஆனால் கம்பி போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். தார் வந்து ஓட்டையை அடைத்துவிட்டால் அழுத்தம் வெளியேற மூடியாவது திறந்துகொள்ள வேண்டும். நடுநடுவே நீளமான கம்பியால் ஓட்டையைக் குத்திவிடுங்கள், முகத்தை மட்டும் அதற்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் ஆறவைப்பது. நெருப்பிலிருந்து எடுத்த நொடியே ஓட்டையை ஈரக் களிமண்ணால் அடைக்க வேண்டும், மூடியின் விளிம்பைச் சுற்றியும் பூச வேண்டும். இதை விட்டுவிட்டால் டின் ஆறும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கி வெளிக் காற்றை இழுத்துக்கொள்ளும், உள்ளே கரி மெதுவாக எரிந்து சாம்பலாகும். திறப்பது மறுநாள். கையால் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருந்தால்தான் திறக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால்கூட வேண்டாம்.

நல்ல கரியா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். ஓட்டுச் சில்லு தட்டினாற்போல் கணீரென்று கேட்கும். உடைத்தால் ‘டப்’ என்று ஒடிந்து, ஒடிந்த முகம் மினுங்கும், மரத்தின் வளையங்கள்கூட அப்படியே தெரியும். வேகாதது மந்தமாகச் சத்தம் கொடுக்கும், நாராகக் கிழியும், முகர்ந்தால் தார் வாடை வரும். அவற்றைத் தனியே எடுத்து அடுத்த ஈட்டில் மறுபடி போட்டுவிடுங்கள், வீணில்லை.


சாம்பல்வாளி:

மேலே சொன்னது அத்தனையும் சரி, நானும் டின்னில் செய்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன் நண்பரே, உங்களுக்குத் தேவை பற்றவைக்கிற அளவுக்குக் கரிதானே? ஒரு தடவைக்கு இரண்டு கை, மூன்று கை. அதற்காக இரண்டு மணி நேரம் விறகு எரித்து டின் சுடுவதற்கு முன், ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிற கரியைப் பாருங்கள்.

ஸ்மோக்கர் வேலை முடிந்ததும் நெருப்பு அறையில் சிவந்த கங்குகள் மிச்சம் இருக்குமே, அதை என்ன செய்கிறீர்கள்? அப்படியே எரிந்து சாம்பலாக விடுகிறீர்கள் என்றால் அதுதான் உங்கள் கரி. சுடர் அடங்கி, கட்டை முழுக்கக் கங்காக உடைந்து விழுகிற நேரத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, இறுக்கமான மூடி உள்ள இரும்பு வாளியில் போட்டு மூடிவிடுங்கள். காற்று தீர்ந்ததும் தானே அணையும். மறுநாள் திறந்தால் அருமையான கரி. சுடரில்லாமல் சிவந்து நிற்கிற கங்கு என்றாலே அதிலிருந்த வாயு எல்லாம் எரிந்து போய்விட்டது என்றுதானே அர்த்தம், அரைவேக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாலு வருடமாக நான் பற்றவைப்பது இந்தக் கரியில்தான். ஒரு முறை புகையூட்டினால் அடுத்த முறைக்குத் தேவையானது மிஞ்சும்.

சுடர் இன்னும் எரிகிற கட்டையை வாளியில் போடாதீர்கள், அது கொள்ளிக்கட்டையாகவே நிற்கும், அடுத்த முறை புகையும். வாளியை மண் தரையிலோ கல் மேலோ வையுங்கள், பலகை மேல் வேண்டாம். பழைய கரியில் சாம்பல் ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள், சாம்பல் காற்றை மறித்துப் பிடிக்க விடாது.


வடகாற்று:

பெயின்ட் டின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

பயன்படுத்திய பெயின்ட் டின்னை எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் இடுக்குகளில் பெயின்ட் இருக்கும், உள்ளே போவது சாப்பாட்டுக்கு அடியில் எரியப் போகிற கரி. எதுவும் ஊற்றாத புது டின் கிடைத்தாலும் உள்பூச்சு இருக்கும், முதலில் காலியாக ஒரு முறை நெருப்பில் போட்டு நன்றாகச் சுட்டு எடுத்துவிட்டுத்தான் மரம் அடுக்க வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி, அதாவது பளபளவென்று பூப்போட்டாற்போல் தெரியுமே அந்தத் தகடு, அது கூடவே கூடாது. நெருப்பில் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி வரும், எதனால் வந்தது என்றே பலருக்குத் தெரியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதுவும் உதவாது. பூச்சு எதுவும் இல்லாத இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரண்டு மட்டும்தான்.

மரத்திலும் கவனம் வேண்டும். ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை), வார்னிஷ் அடித்த சாமான், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் எதுவும் வேண்டாம். குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை ஏற்றிய பழைய மரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எரித்தாலும் சுட்டாலும் ஆர்செனிக் அழியாது, ஒரு பங்கு புகையோடு போகும், மிச்சம் சாம்பலிலும் கரியிலும் நிற்கும். சரக்குத் தட்டுப் பலகைகளில் சூட்டில் பதப்படுத்தியதற்கு ஒரு முத்திரை, மெத்தில் புரோமைடு வாயு காட்டியதற்கு வேறு முத்திரை என்று இருக்கும். ஆனால் அந்தப் பலகை மேல் பிற்பாடு என்ன கொட்டியது என்று எந்த முத்திரையும் சொல்லாது, அதனால் நான் அதைத் தொடுவதே இல்லை. அரளி மாதிரி நச்சுச் செடிகளின் குச்சியும் கலந்துவிடக் கூடாது. கிளைகளை நீங்களே வெட்டியது என்கிறீர்கள், அது நல்லது, என்ன மரம் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது எனக்கு நேர்ந்தது. ஒரு முறை காலையில் டின்னைத் திறந்து, கரி ஆறிவிட்டது என்று நினைத்து, சாக்கில் கொட்டி விறகுக் கொட்டகையில் வைத்தேன். மதியம் கொட்டகைப் பக்கம் போனபோது லேசாகப் புகை வாசம். சாக்கைப் பிரித்தால் நடுவில் ஒரு பந்து அளவுக்கு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கொட்டகையே போயிருக்கும், இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. ஏதாவது ஒரு துண்டு உள்ளே அணையாமல் இருந்திருக்கலாம். அதோடு புதுக்கரிக்கே ஒரு குணம் உண்டு: காற்றுப் பட்டதும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், இழுக்கும்போது சூடாகும். மொத்தமாகக் குவிந்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளலாம். கப்பல் சரக்கில் இதற்காகவே கரியைத் தானாகச் சூடேறும் பொருட்களுக்கான 4.2 வகுப்பில், ஐ.நா. எண் 1361 போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே திறந்த கரியைத் திறந்தவெளியில், வீட்டையும் கொட்டகையையும் விட்டுத் தள்ளி, ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைத்துப் பாருங்கள், அதன் பிறகு மூடியுள்ள இரும்பு டின்னில் சேமியுங்கள். சாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது எல்லோருக்கும். கரி சுடுவதும் எரிப்பதும் வெளியில் மட்டும். மழை வருகிறது என்று வண்டி நிறுத்துமிடத்துக்குள் இழுத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாலும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுகிற இடத்தில் 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். புகையே இல்லாமல் அழகாகச் சிவந்து நிற்கிற தணல்தான் அதை நிறையக் கொடுக்கும், பார்த்தால் ஆபத்து என்றே தோன்றாது.


தணல்தேடி:

மூவருக்கும் மிக்க நன்றி. பெயின்ட் டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சாம்பல்வாளி சொன்னதைக் கேட்டபோது இத்தனை நாள் எவ்வளவு கங்கை எரிந்து தீர விட்டிருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது, இனி வாளி வைத்துவிடுகிறேன். இருந்தாலும் கிளைகள் குவிந்து கிடப்பதால் டின்னிலும் ஒரு முறை சரியாகச் செய்து பார்க்கத்தான் ஆசை.

கரிமூட்டம் அண்ணா, இரண்டு சந்தேகம். கிளை எவ்வளவு தடிமன் இருக்கலாம், பட்டையை உரிக்க வேண்டுமா? கரி தயாரான பிறகு ஸ்மோக்கரில் அதை எப்படி வைத்துப் பற்றவைப்பது? அப்புறம் நல்ல கரி என்றால் புகையே வராது என்கிறீர்கள், அப்படியானால் இறைச்சிக்குப் புகை மணம் எங்கிருந்து வரும்?


கரிமூட்டம்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். புகை மணத்தை மரம்தான் தர வேண்டும், கரியிடம் எதிர்பார்க்கக் கூடாது. லிக்னின் சூட்டில் உடையும்போது வருகிற குவையகால், சிரிங்கால் போன்ற மணப்பொருட்கள்தான் நாம் புகை மணம் என்று சொல்வதில் பெரும்பங்கு. கரி சுடும்போதே அவை ஓட்டை வழியே போய்விட்டன. அதனால் கரிக்கு ஒரே வேலை, மேலே வைக்கிற கட்டையை ஒரு நிமிடத்தில் பிடிக்க வைப்பது. கட்டை சடுதியில் பிடித்து, காற்றும் போதிய அளவு கிடைத்தால், தார் நெருப்பிலேயே எரிந்துபோய் மெல்லிய நீலப் புகை மட்டும் வரும். கட்டை பிடிக்காமல் உள்ளே வெந்துகொண்டிருந்தால் கனமான வெள்ளைப் புகை. இத்தனை நாள் உங்களைப் படுத்திய அரை மணி நேரம் அதுதான்.

தடிமன் இரண்டிலிருந்து மூன்று செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் பிளந்துவிடுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் சன்னமானது வெந்து முடிந்து தடித்தது நடுவில் பழுப்பாக நிற்கும். உங்களுக்கு நடந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். பட்டையை உரிக்கலாம், கட்டாயம் இல்லை. பட்டையில் சாம்பல் அதிகம், கரியானதும் செதில் செதிலாக உதிரும், பற்றவைக்கும்போது பொறி பறக்கும். கையால் இழுத்தால் வருகிற அளவுக்குக் காய்ந்திருந்தால் இழுத்துவிடுங்கள், கத்தி எடுத்து உட்கார வேண்டாம். கடின மரம் கனமான கரி தரும், தணல் நேரம் நிற்கும். லேசான மரத்தின் கரி சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் தீரும். பற்றவைக்க மட்டும் என்றால் லேசானதே எனக்குப் பிடிக்கும், அதைக் கேலியாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் லேசானது அடியில், கடினமானது மேலே என்று கலந்து பாருங்கள். ஈரம் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்டுமுகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டு, இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணகணவென்று கேட்டால் காய்ந்திருக்கிறது.

பற்றவைக்க சிம்னி ஸ்டார்ட்டர் (கரியைப் பற்றவைக்கும் இரும்புக் குழாய்) இருந்தால் சுலபம். இல்லையென்றால் இருபுறமும் திறந்த இரும்புக் குழாய்த் துண்டில், அடிப்பக்கம் சுற்றிலும் துளை போட்டு, கொஞ்சம் மேலே கம்பிவலை வைத்துக்கொள்ளலாம். வலைக்குக் கீழே சுருட்டிய காகிதம், மேலே கரி. காகிதத்தில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் தடவினால் நின்று எரியும், வாடையும் இராது. வீட்டில் செய்த கரி இலேசாகவும் துளைகள் நிறைந்தும் இருப்பதால் பத்து நிமிடத்தில் மேல் துண்டுகளின் ஓரத்தில் சாம்பல் படரும். அப்போது நெருப்பு அறையில் கொட்டி, காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்து, கைத்தடிமன் கட்டைகள் இரண்டை மேலே வையுங்கள். முடிந்தால் அந்தக் கட்டைகளை முன்பே நெருப்பு அறையின் மேல்தட்டில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இன்னும் வேகமாகப் பிடிக்கும். புகை மெலிந்து, உள்வெப்பம் 110, 120 டிகிரியில் நின்ற பிறகுதான் இறைச்சி உள்ளே போக வேண்டும். முதல் புகையில் இறைச்சியைக் காட்டவே காட்டாதீர்கள்.

முழு நேரமும் கரியிலேயே ஓட்டுவதானால் மினியன் முறை என்று ஒன்று உண்டு, பற்றாத கரியை நிறைய நிரப்பி, பற்றிய கரி கொஞ்சத்தை மேலே வைத்து, மெதுவாகக் கீழிறங்க விடுவது. அதில் உங்கள் அரைவேக்காட்டுக் கரி வந்திருந்தால் மணிக்கணக்கில் தார்ப்புகை வந்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் இறைச்சி உள்ளே இருக்கும்போதுதான் பிடிக்கிறது. அங்கே நன்றாக வெந்த கரி மட்டும்.


குழிஅடுப்பு:

கிளை குவிந்து கிடக்கிறது என்று சொன்னதால் ஒரு யோசனை. விரல் தடிமன் சுள்ளிகளை டின்னில் அடுக்கி மாளாது. அதற்குக் கூம்பு மாதிரி ஒரு குழி வெட்டி, அடியில் தீ மூட்டி, சுடர் அடங்கி மேலே சாம்பல் வெளுக்கத் தொடங்கும்போதெல்லாம் அடுத்த அடுக்கு சுள்ளியைப் போட்டுக்கொண்டே போங்கள். மேலே எரிகிற சுடர் காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் கீழே உள்ளது எரியாமல் கரியாகவே நிற்கும், வருகிற வாயுவும் அந்தச் சுடரிலேயே எரிவதால் புகையும் குறைவு. குழி நிரம்பியதும் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். ஓரத்தில் நின்று மெதுவாக ஊற்றுங்கள், நீராவி முகத்தில் அடிக்கும். கொஞ்சமாக ஊற்றிவிட்டுப் போனால் அடியில் கனன்று எல்லாம் சாம்பலாகிவிடும். கிளறிக் கிளறி ஊற்றுங்கள்.

ஒரு குறை இருக்கிறது, நனைந்த கரி பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வெயிலில் நாலைந்து நாள் பரப்பினால்தான் பற்றவைக்க உதவும். தூளாகப் போனதைச் செடிக்குப் போட்டுவிடுவேன், உரக்குழியில் கலந்து ஊறவைத்த பிறகு.


தணல்தேடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பூச்சில்லாத இரும்பு டின், மூடியில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று. இரண்டு செ.மீ.க்குப் பிளந்த துண்டுகள், எடை போட்டு 2 கிலோ. சாயங்காலம் ஐந்தரைக்கு நெருப்பில் வைத்தேன். ஆறு மணிக்குச் சுடர் பிடித்தது, ஆறே முக்காலுக்குச் சின்னதானது. போன முறை எடுத்த அதே கட்டம். கை பரபரத்தது, ஆனாலும் எடுக்காமல் விறகு போட்டுக்கொண்டே இருந்தேன். ஏழேகாலுக்கு முழுக்க அணைந்தது. இருட்டியிருந்ததால் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ஒளிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் அண்ணா, நீங்கள் சொன்னபடியே. இன்னும் 20 நிமிடம் விட்டு எடுத்து, களிமண் வைத்து அடைத்து, மறுநாள் மதியம் வரை தொடவில்லை.

திறந்தபோது 520 கிராம் கரி. அடுக்கிய மாதிரியே நின்றது, சுருங்கி மட்டும் இருந்தது. தட்டினால் கணீரென்று சத்தம். இரண்டே துண்டு மட்டும் நடுவில் பழுப்பு, இரண்டுமே மற்றவற்றைவிடத் தடித்தவை. ஒரு நாள் கல் மேல் பரப்பி வைத்துவிட்டு டின்னில் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்மோக்கரில் பற்றவைத்தேன். சிம்னியில் ஒன்பது நிமிடம். கட்டை வைத்ததும் கிட்டத்தட்ட உடனே பிடித்தது, வெள்ளைப் புகை மூன்று நான்கு நிமிடம்கூட இருந்திராது. இறைச்சியில் கசப்பு துளியும் இல்லை, வீட்டில் எல்லோரும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் கங்கை எடுத்து வாளியில் போட்டிருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். டின்னைச் சூடாக்க வெளியே எரித்த விறகு, உள்ளே இருந்ததைவிட அதிகமாகப் போய்விட்டது. அதைக் குறைக்க வழி உண்டா?


கரிமூட்டம்:

படித்ததும் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. 2 கிலோவில் 520 கிராம் என்றால் நான்கில் ஒரு பங்குக்கு மேல், டின்னில் அது நல்ல கணக்கு.

விறகைக் குறைக்க வழி உண்டு. ஓட்டையை மூடியில் வைக்காமல், டின்னைப் படுக்கவைத்து, ஓட்டை கீழே நெருப்பைப் பார்க்கும்படி வையுங்கள். வெளியே வருகிற வாயு வீணாக மேலே எரியாமல் டின்னுக்கு அடியிலேயே எரிந்து அதையே சூடாக்கும். அந்த வேகமான கட்டத்தில் நீங்கள் விறகே போட வேண்டியிருக்காது. சுற்றிலும் நாலு செங்கல் அடுக்கிச் சூட்டைத் தடுத்துக்கொண்டால் பாதி விறகு மிஞ்சும். ஆனால் சுடர் அணைந்த பிறகு வருகிற கடைசி அரை மணி நேரத்துக்கு வெளி விறகு வேண்டும், அதற்குத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பழுப்புத் துண்டுகளையும் அடுத்த ஈட்டில் நடுவில் வையுங்கள்.


சாம்பல்வாளி:

வாளியைத் திறந்ததும் எவ்வளவு தேறியது என்று எடை போட்டுச் சொல்லுங்கள், நான் இதுவரை எடை பார்த்ததே இல்லை.